கேரவன் பயணமும் செயற்கைக்கோள் வழிகாட்டியும்

காரின் பின்னால் கேரவனை இணைத்து இழுத்துச் செல்வோருக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டி பெரும் உதவியாக இருக்கிறது. ஆனால் தனிக் காரில் செல்வோர் அதை நம்புவதுபோல இவர்கள் நம்பிவிட முடியாது. வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் கருவி சில மீட்டர் துல்லியத்தில் அறியும். அந்த வண்டிக்குப் பின்னால் என்ன தொடர்ந்து வருகிறது என்பதை, யாராவது சொன்னாலொழிய, அது அறியாது. கேரவன் பயணங்களில் வழிகாட்டியால் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்தே தொடங்குகின்றன. கேரவன் சுற்றுலா நீண்ட காலமாக வேரூன்றியுள்ள பிரித்தானியாவின் சாலைகளையும் விதிகளையும் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

கேரவன் என்பது எது?

தமிழகத்தில் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியைக் கேரவன் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. இங்கு குறிப்பிடப்படுவது அதுவன்று. படுக்கை, சமையலிடம், கழிவறை முதலியவற்றைக் கொண்ட, சொந்த எந்திரம் இல்லாத, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கப்படும் நடமாடும் வீடே பிரித்தானியாவில் கேரவன் எனப்படுகிறது. எந்திரமும் ஓட்டுநர் இருக்கையும் ஒரே உடலில் அமைந்த வண்டியை அங்கு மோட்டார்ஹோம் என்பர்.

3,500 கிலோ வரை எடையுள்ள வண்டிகள் இழுக்கும் கேரவன் 2.55 மீட்டருக்கு மேல் அகலமாகவோ, இணைப்புத் தண்டு நீங்கலாக 7 மீட்டருக்கு மேல் நீளமாகவோ இருக்கக் கூடாது என்பது பிரித்தானிய விதி. பெரிய கேரவன் ஒன்றைக் காருடன் சேர்த்து அளந்தால் மொத்த நீளம் 12 மீட்டரை எட்டிவிடும். ஒரு பேருந்தின் நீளம் கொண்ட, நடுவில் மடங்கும் வண்டியைக் கார் ஓட்டுநர் ஒருவர் செலுத்துகிறார் என்று இதனைக் கருதலாம்.

வரலாறு

பொழுதுபோக்குக் கேரவனின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1885ஆம் ஆண்டு. கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல் நகரின் வண்டித் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டி வீட்டைச் செய்வித்தார். இரண்டு குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை சென்றார். அவருடைய பணியாளர் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போய்ப் பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்துவருவது வழக்கம். இன்று கண்ணாடித் திரை செய்யும் வேலையை அன்று செய்தவர் அவர்தான். ஒரு வேறுபாடு உண்டு: பின்னால் வரும் வண்டி எவ்வளவு பெரியது என்பது அவருக்குத் தெரியும்.

1901இல் தொடங்கிய முகாம் சங்கம் ஒன்று இன்று கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப் என்ற பெயரிலும், 1907இல் தொடங்கிய கேரவன் கிளப் இன்று கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் என்ற பெயரிலும் செயல்படுகின்றன. கார் இழுக்கும் கேரவன்களின் விற்பனை முதல் உலகப் போருக்குப் பின் 1919ஆம் ஆண்டளவில் தொடங்கியது.

செயற்கைக்கோள் வழிகாட்டியின் வரலாறு இதைவிடக் குறுகியது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1995இல் அமைப்பு முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. அதன் பின்னரே கார்களில் வைக்கும் மலிவான வழிகாட்டிகள் பரவின.

கருவி செயல்படும் விதம்

வழிகாட்டிக் கருவிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. எது எங்கே தவறுகிறது என்பதை அறிய இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இருப்பிடம் அறிதல். ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்தபடி இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தன் இருப்பிடத்தைக் கணித்துக்கொள்ளும். திறந்த வெளியில் கைப்பேசி ஒன்று ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இதைச் செய்யும். இது ஒருவழிச் செய்தி. கருவி கேட்கிறதே தவிர, செயற்கைக்கோளுக்கு எதையும் சொல்வதில்லை. செயற்கைக்கோள் 'வழிகாட்டுகிறது' என்பது வழக்கில் வந்த சொல்லே.

இரண்டாவது, நிலப்படம். எந்தச் சாலை எந்தச் சாலையோடு சேர்கிறது, எது ஒருவழி, எங்கே என்ன வேக வரம்பு என்ற தரவுகள் அதில் இருக்கும். சாலையின் அகலமும் சரிவும் எல்லாச் சாலைகளுக்கும் பதிவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, வழி தேர்தல். சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் கொண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு 'செலவு' குறிக்கப்படுகிறது. மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் தொடரையே கருவி வழியாகக் காட்டுகிறது. டச்சுக் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணிப்பு முறையும் அதன் வழிவந்த முறைகளும் இதற்கு அடிப்படை. பெரும்பாலான கருவிகளில் இந்தச் செலவு என்பது கார் ஒன்று கடக்க எடுக்கும் நேரம். இரண்டு நிமிடம் மிச்சமாகும் என்றால் நெடுஞ்சாலையை விட்டுப் புதர்வேலிச் சாலைக்குள் திரும்பச் சொல்வது கணக்குப்படி சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் கேரவன் இல்லை.

காருக்கு ஏற்ற வழி கேரவனுக்கு ஏன் பொருந்தாது?

அகலம்: தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் பகுதிகளில் பல கிராமச் சாலைகள் இருபுறமும் உயர்ந்த மண்கரைகளுக்கும் புதர்வேலிகளுக்கும் நடுவே ஓடுகின்றன. ஒரு கார் மட்டுமே செல்லும் இடங்கள் அவற்றில் ஏராளம். பல இடங்களில் கரைக்குள் கற்சுவர் மறைந்திருக்கும். புல்தானே என்று உரசிச் சென்றால் கேரவனின் மெல்லிய பக்கச்சுவர் கிழியும்.

பின்னோக்கிச் செல்லல்: ஒற்றைத்தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் அருகிலுள்ள ஒதுங்குமிடம் வரை பின்னால் போயாக வேண்டும். தனிக் காருக்கு இது ஒரு நிமிட வேலை. கேரவன் ஓட்டுநர் திருப்புச் சக்கரத்தை முதலில் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். சற்று மிகுந்தாலும் காரும் கேரவனும் நடுவில் மடங்கி நின்றுவிடும். 1997 சனவரி 1க்குப் பின் உரிமம் பெற்றவர்கள் கனமான இழுவண்டிகளை இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பின்னோக்கிச் செலுத்துதலும் அதில் அடங்கும். 2021 திசம்பர் 16 முதல் பெரிய பிரித்தானியாவில் 3,500 கிலோ வரையிலான இழுவண்டிகளுக்கு அத்தேர்வு தேவையில்லை. இதனால், பின்னோக்கிச் செலுத்தி ஒருமுறைகூடப் பழகாதவரும் சட்டப்படி கேரவன் இழுக்கலாம். அத்தகையவரைக் கருவி ஒற்றைத்தடச் சாலையில் கொண்டுபோய் விட்டால், அவருடைய விடுமுறை மட்டுமன்றி அந்த ஊரின் போக்குவரத்தும் நின்றுவிடும். அவசர ஊர்திக்கும் அதுவே ஒரே வழியாக இருக்கக்கூடும்.

சரிவு: நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சாலையின் சரிவு 25 விழுக்காடு. ஒன்றரை டன் எடையைக் கட்டி இழுக்கும் கார் அத்தகைய ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். இறக்கத்தில் பின்னாலுள்ள எடை காரைத் தள்ளும்; நிறுத்திகள் சூடேறி வலுவிழக்கும்.

உயரம்: கேரவன்கள் பெரும்பாலும் 2.5 முதல் 2.7 மீட்டர் உயரம் கொண்டவை. பிரித்தானியாவில் 5 மீட்டருக்கும் குறைவான இடைவெளியுள்ள பாலங்களில் உயரம் எழுதப்பட்டிருக்கும். ஆகவே பெரும்பாலான பாலங்கள் கேரவனுக்குத் தடையல்ல. வண்டி நிறுத்தங்களின் நுழைவில் 2 மீட்டர் உயரத்தில் தொங்கும் குறுக்குக் கம்பிகள்தான் தடை. ஓய்வுக்கு ஒதுங்கலாம் என்று கருவி காட்டும் நகர வண்டி நிறுத்தம் பலவேளை உள்ளே நுழைய முடியாத இடமாக இருக்கும்.

வேகம்: பிரித்தானியாவில் கேரவன் இழுக்கும் காருக்கு இருவழிச் சாலையில் மணிக்கு 50 மைலும், நடுவே தடுப்புள்ள சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைலும் உச்ச வரம்புகள். தனிக் காருக்கு இவை முறையே 60, 70 மைல்கள். 200 மைல் மோட்டார்வேயை 70 மைல் வேகத்தில் கடக்க 2 மணி 51 நிமிடம் போதும். 60 மைல் வேகத்தில் 3 மணி 20 நிமிடம் ஆகும். காருக்கான கணக்கில் கருவி காட்டும் நேரத்தை எட்டிப்பிடிக்க முயல்பவர் வரம்பை மீறியே ஓட்ட நேரிடும். வேகம் கூடினால் கேரவன் பாம்புபோல இருபுறமும் ஆடத் தொடங்கிக் காரையும் கவிழ்த்துவிடும் அபாயம் உண்டு.

கேரவன் ஓட்டுநர்கள் தவிர்க்கும் சில சாலைகள்

வட யார்க்சயரில் ஏ170 சாலையிலுள்ள சட்டன் பேங்க் ஏற்றத்தில் கேரவன்களுக்குத் தடை உண்டு. திர்ஸ்க் நகரிலிருந்து ஸ்கார்பரோ கடற்கரைக்குச் செல்லும் நேரடிச் சாலை இதுவே. ஆகவே தடையை அறியாத கருவி கேரவனையும் இவ்வழியே அனுப்பும். அதன் செங்குத்தான பகுதியில் சரிவு 25 விழுக்காடு. கொண்டை ஊசி வளைவும் உண்டு.

சமர்செட்டில் ஏ39 சாலையிலுள்ள போர்லாக் குன்றும் 25 விழுக்காட்டுச் சரிவு கொண்டது. கேரவன்கள் இதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றன. சாலை எண்ணைப் பார்த்தால் இது ஒரு முதன்மைச் சாலை. 'பெரிய சாலையிலேயே போனால் தொல்லை இல்லை' என்ற பொது அறிவும் இங்கே பயன்படாது.

கம்பிரியாவின் ஹார்ட்நாட் கணவாயில் சரிவு ஏறத்தாழ 33 விழுக்காடு. ஏரி மாவட்டத்தின் நடுப்பகுதியிலிருந்து மேற்குக் கடற்கரைப் பக்கம் செல்லத் தூரத்தில் குறுகிய வழியாக இது தெரியும். ஸ்காட்லாந்தில் ஆப்பிள்கிராஸ் ஊருக்குச் செல்லும் பெலக் நா பா சாலை கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. கற்றுக்கொள்ளும் ஓட்டுநர்களுக்கும் மிகப் பெரிய வண்டிகளுக்கும் கேரவன்களுக்கும் அது உகந்ததன்று என்ற பலகை அடிவாரத்தில் உள்ளது. ஷீல்டெய்க் வழியாகச் செல்லும் கடற்கரைச் சாலை சுற்றுவழி என்றாலும் அந்த மலையேற்றம் அதில் இல்லை.

கேரவனுக்கான கருவிகளும் அமைப்புகளும்

கார்மின், டாம்டாம் போன்ற நிறுவனங்கள் கேரவன், மோட்டார்ஹோம் பயணிகளுக்கெனத் தனிக் கருவிகளை விற்கின்றன. வண்டியின் நீளம், அகலம், உயரம், எடை ஆகியவற்றை இவற்றில் பதியலாம். பதிந்த அளவுக்குப் பொருந்தாத சாலைகளைக் கருவி வழியிலிருந்து விலக்கும். அளவுகளைப் பதியும்போது கவனிக்க வேண்டியவை:

- நீளம் என்பது கார், இணைப்புத் தண்டு, கேரவன் மூன்றும் சேர்ந்தது. கேரவனின் விளம்பரத் தாளில் உள்ள நீளத்தில் கார் சேராது.
- அகலத்தை அளக்கும்போது, பின்புறம் தெரிவதற்காகக் காரில் மாட்டும் நீட்டிப்புக் கண்ணாடிகளையும் சேர்க்க வேண்டும். பல வண்டிகளில் அவையே மிக அகன்ற பகுதி.
- உயரத்தில் கூரை மேல் உள்ள குளிர்சாதனம், அலைவாங்கி ஆகியவை அடங்கும்.
- எடையாக, பொருள்கள் ஏற்றிய பின் அனுமதிக்கப்படும் உச்ச எடையைப் பதிவதே பாதுகாப்பு.
- பிரித்தானியப் பலகைகளில் அளவுகள் அடி, அங்குலத்திலும் இருக்கும். 6 அடி 6 அங்குலம் என்பது 1.98 மீட்டர், 7 அடி என்பது 2.13 மீட்டர். 2.3 மீட்டர் அகலக் கேரவன் இவ்விரண்டிலும் நுழையாது.

வண்டியின் அளவைப் பதியும் வசதி இல்லாத கருவியிலும் சில அமைப்புகளை மாற்றி அபாயத்தைக் குறைக்கலாம். 'மிகக் குறுகிய தூரம்' என்ற தேர்வை ஒருபோதும் வைக்கக் கூடாது. கிராமச் சாலைகளுக்குள் இழுத்துச் செல்வது பெரும்பாலும் அதுதான். நெரிசலைக் கண்டு தானாகவே வழி மாற்றும் வசதியை நிறுத்திவிட்டு, ஓட்டுநரின் ஒப்புதல் கேட்கும்படி அமைக்கலாம். அரை மணி நெரிசலில் நிற்பது, கேரவனோடு புதர்வேலிச் சாலையில் அகப்படுவதைவிட மேல். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத நீண்ட தொலைவுகள் உண்டு. இருப்பிடம் அறியக் கைப்பேசி வலையமைப்பு தேவையில்லை. நிலப்படம் வந்துசேர அது தேவை. எனவே நிலப்படத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்வது நல்லது.

கடைசி மைல்

நெடுந்தொலைவைச் சரியாகக் காட்டிய கருவி, தங்குமிடத்தை நெருங்கும்போது தவறுவது அடிக்கடி நிகழ்வது. பிரித்தானிய அஞ்சல் குறியீடு ஒன்று சராசரியாகப் 15 முகவரிகளைக் குறிக்கும். நகரத்தில் அது ஒரு தெருவின் ஒரு பகுதி. நாட்டுப்புறத்தில் ஒரு மைலுக்கு மேல் சிதறிக் கிடக்கும் பண்ணை வீடுகளுக்கும் அதே ஒரு குறியீடு இருக்கலாம். அதை இலக்காகக் கொடுத்தால் கருவி ஏதோ ஒரு நடுப்புள்ளிக்கு அழைத்துச் சென்று 'வந்தாயிற்று' என்று அறிவித்துவிடும். அந்தப் புள்ளி தங்குமிடத்தின் பின்வேலியாகவோ, அடுத்த பண்ணையின் வாசலாகவோ இருக்கக்கூடும்.

இதைத் தவிர்க்க அகலாங்கு, நெட்டாங்கு எண்களையோ, 3 மீட்டர் சதுரங்களுக்கு மும்மூன்று சொற்களால் பெயரிடும் வாட்3வேர்ட்ஸ் முகவரியையோ பல தங்குமிடங்கள் தருகின்றன. ஆனால் வாசல் எது என்று தெரிந்துவிட்டாலும் அந்த வாசலை எந்தப் பக்கமிருந்து அணுகுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. வடக்கிலிருந்து வரும் சாலை அகலமாகவும் தெற்கிலிருந்து வரும் சாலை ஒற்றைத்தடமாகவும் இருக்கலாம். அதை அறிந்தவர்கள் தங்குமிடம் நடத்துவோர். 'ஊரைக் கடந்ததும் கருவியை நிறுத்திவிட்டு, இந்தச் சந்திப்பில் இடப்பக்கம் திரும்புக' என்று அவர்கள் எழுதி அனுப்புவது அனுபவத்தால் வந்த அறிவுரை. கேரவன் படம் பொறித்த பழுப்புநிறப் பலகைகளும் அதே வழியைக் காட்டும். அவர்கள் சொல்லும் சந்திப்பைக் கருவியில் இடைநிறுத்தமாகப் பதிந்துகொண்டால் இரண்டு வழிகாட்டலும் ஒன்றாகிவிடும்.

சட்டமும் ஒழுங்கும்

ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது பிரித்தானியாவில் குற்றம். 2022 மார்ச்சு 25 முதல் இவ்விதி மேலும் இறுக்கப்பட்டது. இதற்கு 200 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 குற்றப் புள்ளிகளும் உண்டு. உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவருக்கு 6 புள்ளிகள் என்பது உரிமத்தையே இழப்பதாகும். கருவியைத் தாங்கியில் பொருத்தி, சாலையை மறைக்காத இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார்வேயில் கேரவன் இழுக்கும் கார் வலக்கோடித் தடத்தைப் பயன்படுத்தக் கூடாது. கருவி எதைச் சொன்னாலும் சாலைப் பலகையே மேலானது. 'கருவி காட்டியது' என்பது தடைப் பலகையை மீறியதற்கு விடையாகாது, பொறுப்பு ஓட்டுநருடையது.

தவறான சாலையில் நுழைந்துவிட்டால்

கருவி தவறான திருப்பத்தைச் சொல்வதாகத் தோன்றினால், திரும்பாமல் நேராகச் செல்வதே நல்லது. கருவி சில நொடிகளில் புதிய வழியைக் கணித்துவிடும். நுழைந்துவிட்ட கேரவன் சில நொடிகளில் வெளியே வராது.

நுழைந்த பிறகு சாலை குறுகிக்கொண்டே போனால், முன்னே அகலும் என்ற நம்பிக்கையில் தொடராமல் அகலமான முதல் இடத்திலேயே நிற்க வேண்டும். அபாய விளக்குகளை எரியவிட்டு, உடன் வந்தவர் இறங்கி முன்னே நடந்து பார்த்து வரலாம். பின்னோக்கிச் செல்ல நேர்ந்தால், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி ஒருவர் நின்று சைகை காட்ட வேண்டும். சமதளமாக இருந்தால் கேரவனின் கைநிறுத்தியை இழுத்துச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுக் கொக்கியைக் கழற்றலாம். பல கேரவன்களில் சக்கரத்தைச் சுழற்றும் சிறு மின்னோடி பொருத்தப்பட்டிருக்கும். அதனால் கேரவனைத் தனியே திருப்பிவிடவும் முடியும். சரிவில் கொக்கியைக் கழற்றவே கூடாது. அங்கே உதவிக்கு அழைப்பதுதான் வழி.

பயணத்துக்கு முன்

பழகிய கேரவன் பயணிகள் கிளம்புவதற்கு முந்தைய நாளே கருவி காட்டும் முழு வழியையும் பெரிய நிலப்படத்தில் ஒருமுறை ஓட்டிப்பார்க்கின்றனர். முதன்மைச் சாலையை விட்டு விலகும் இடங்களையும் நெருங்கிய வளைவுகளையும் செங்குத்தான ஏற்றங்களையும் குறித்துக்கொள்கின்றனர். ஐயமான திருப்பங்களை இணையத்தின் தெருப்படங்களில் பார்த்துக்கொள்வதும் உண்டு. இதற்கு அரை மணி நேரம் ஆகும்.

1885இல் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போனவர் செய்தது இந்த வேலையைத்தான். செயற்கைக்கோள்கள் வந்த பிறகும் அதைச் செய்ய ஓர் ஆள் தேவைப்படுகிறது.